சிறு பிள்ளைகளோடு அந்தமான்: குடும்பப் பயணத்தைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தமானுக்கு விற்கப்படும் சுற்றுலாத் திட்டங்களில் பெரும்பாலானவை புதுமணத் தம்பதிகளை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. ஐந்து இரவுகளுக்குள் மூன்று தீவுகள், நாள்தோறும் ஒரு படகு, நடுவில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பாராடாங் தீவின் குகை. இந்தத் திட்டத்திலேயே "குழந்தைகள்: இரண்டு" என்று ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் குழந்தை அழுது களைத்துவிடும். பெற்றோர் கடலைப் பார்த்தபடி சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்கும் இடங்களை எண்ணாதீர்கள், இடமாற்றங்களை எண்ணுங்கள். பெட்டியைக் கட்டி, வண்டி ஏறி, துறைமுகத்தில் காத்திருந்து, கப்பல் ஏறி, இறங்கி, மீண்டும் வண்டி ஏறி, புதிய அறையில் பெட்டியைப் பிரிப்பது ஓர் இடமாற்றம். ஒவ்வொன்றும் குழந்தையின் பகல் தூக்கத்தையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் கலைக்கும். ஒரு வாரப் பயணத்தில் மூன்று இடமாற்றத்துக்கு மேல் வேண்டாம். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டியே வருகிறது.

ஊர்ப் பெயர்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் ஒரு பெயரும் விடுதி முகவரியில் வேறு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம். பேச்சில் இன்னும் பழைய பெயர்களே புழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவமழை இந்தியாவிலேயே முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். வழக்கமாக மே மாதத்தின் மூன்றாவது வாரம். செப்டம்பர் வரை அது நீடிக்கும். பிறகு நவம்பரிலும் டிசம்பர் முற்பாதியிலும் வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் காலம். மழையில் நனைவது பெரிய விஷயமல்ல. கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையே கப்பல் ஓடாது என்பதுதான் சிக்கல். அறைக்குள் அடைபட்ட மூன்று வயதுக் குழந்தைக்குப் புயல் எச்சரிக்கையை விளக்கிச் சொல்ல முடியாது.

ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரை கடல் அமைதியாகவும் வெயில் தாங்கக்கூடியதாகவும் இருக்கும். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகத் தொடங்கவில்லை என்றால் இந்தக் காலத்தை விடாதீர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் நமக்குக் கிடைப்பவை அரையாண்டு விடுமுறையும் கோடை விடுமுறையும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை எல்லாம் நிரம்பி வழியும், கட்டணமும் உச்சத்தில் இருக்கும். நான் பரிந்துரைப்பது ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் பிற்பாதியிலோ மே முதல் வாரத்திலோ போவது. புழுக்கம் இருக்கும், ஆனால் கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். துர்கா பூஜை விடுமுறையில் வங்காளத்திலிருந்து பெருங்கூட்டம் வரும். காலாண்டு விடுமுறையை அக்டோபரோடு சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படி 2: எந்தத் தீவு, எத்தனை இரவு

ஆறு இரவு, ஏழு பகல் என்பது நல்ல அளவு. முதல் இரவும் கடைசி இரவும் போர்ட் பிளேரில். நடுவில் நான்கு இரவுகள் ஒரே ஒரு தீவில். இப்படிச் செய்தால் கப்பல் பயணம் இரண்டே இரண்டு.

அந்த ஒரு தீவு எது என்பதில் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. எல்லோரும் ஹேவ்லாக் என்பார்கள். மூத்த பிள்ளைக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகி, தண்ணீரில் பயமில்லாமல் இறங்குவான் என்றால் ஹேவ்லாக்தான் சரி. ராதாநகர் கடற்கரை அங்கே இருக்கிறது. நீண்ட வெண்மணல், பின்னால் வானுயர்ந்த மரங்களின் நிழல். 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் 2020இல் கிடைத்தது. கழிப்பறை, உடை மாற்றும் இடம், உயிர்காப்பாளர்கள் எல்லாம் உண்டு. குழந்தையோடு போகிறவருக்குச் சுத்தமான கழிப்பறை எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் பிள்ளைகள் நான்கு வயதுக்கும் குறைந்தவர்கள் என்றால் ஹேவ்லாக்கை விட்டுவிட்டு நீல் தீவில் நான்கு நாளும் தங்குங்கள். சிறிய தீவு, எங்கே போனாலும் ஆட்டோவில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்தமானுக்கே காய்கறி விளைவித்துத் தரும் ஊர் என்பதால் சாலையோரம் வயலும் வாழையும் தெரியும். படகுத்துறையை ஒட்டியே பரத்பூர் கடற்கரை. பவளத்திட்டு அலையை உடைத்துவிடுவதால் கரையோரத் தண்ணீர் ஆழமின்றித் தேங்கி நிற்கும். நடக்கத் தொடங்கிய குழந்தை முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து மணலை அள்ளி விளையாட இதைவிட நல்ல இடம் அந்தமானில் எனக்குத் தெரிந்து இல்லை. ஹேவ்லாக்கைப் பார்க்காமல் வந்துவிட்டீர்களே என்று உங்கள் உறவினர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

இரண்டு தீவையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எட்டு இரவுகள் ஒதுக்குங்கள். ஆறு இரவுக்குள் இரண்டையும் திணிக்காதீர்கள்.

படி 3: முன்பதிவின் வரிசை

முதலில் விமானம், அடுத்து கப்பல், கடைசியாக அறை. பலர் அழகான விடுதிப் படத்தைப் பார்த்து அறையை முதலில் பிடித்துவிட்டு, பிறகு கப்பலில் இடமில்லாமல் திண்டாடுகிறார்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளும். விடியுமுன் கிளம்பும் விமானங்கள் சில நேரம் மலிவாக இருக்கும். அந்தச் சேமிப்புக்காகக் குழந்தையை நள்ளிரவில் எழுப்பி விமான நிலையத்துக்குத் தூக்கிப் போனால் முதல் நாள் முழுவதும் வீணாகும். காலை எட்டு மணியை ஒட்டிக் கிளம்பும் விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் அமர்ந்து குறைந்த கட்டணத்தில் வரலாம். பயணத்தின் இடையில் இரண்டாவது பிறந்தநாள் வந்தால் திரும்பும் விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும். தேதி குறிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழின் நகல் கையில் இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்குத் தரும் நீல நிற ஆதார் அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்கு இடையிலான கப்பலிலும் குழந்தையின் பெயரும் வயதும் பதிவாக வேண்டும். எந்த வயதுக்கு எவ்வளவு கட்டணம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சென்னையிலிருந்து பயணிகள் கப்பலும் உண்டு. ஏறத்தாழ அறுபது மணி நேரம் ஆகும். கிளம்பும் தேதியும் திரும்பும் தேதியும் உறுதியாக முன்கூட்டியே கிடைக்காது. சிறு பிள்ளைகளோடு அது வேண்டாம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் தனியார் விரைவுக் கப்பல்களும் அரசுக் கப்பல்களும் ஓடுகின்றன. தனியார் கப்பல் ஹேவ்லாக் சேர ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும், அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம். அரசுக் கப்பலில் கட்டணம் மிகவும் குறைவு, உள்ளூர் மக்கள் நிறைந்திருப்பார்கள், ஆனால் டிக்கெட் கிடைப்பது நிச்சயமில்லை. குழந்தைகளோடு போகும்போது தனியார் கப்பலையே பதிவு செய்யுங்கள், அதுவும் காலைப் பயணத்தை. காலையில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும், ஒரு கப்பல் ரத்தானால் மாலைக்குள் இன்னொன்றைத் தேடவும் நேரம் இருக்கும்.

இந்தப் படியில் ஒரே ஒரு விதியை மட்டும் எதற்காகவும் மீறாதீர்கள்: தீவிலிருந்து திரும்பும் கப்பலும் ஊருக்குத் திரும்பும் விமானமும் ஒரே நாளில் இருக்கக் கூடாது. வானிலை கெட்டால் கப்பல் நிறுத்தப்படும். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படி 4: அறை பிடிக்குமுன் கேட்க வேண்டியவை

ஹேவ்லாக்கில் பெரும்பாலான விடுதிகள் கிழக்குக் கரையில், கோவிந்த் நகர், விஜய் நகர் பகுதிகளில் இருக்கின்றன. "கடற்கரையை ஒட்டிய விடுதி" என்று விளம்பரம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கரையில் கடல் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விடும். பாறையும் செத்த பவளமும் சேறுமாகத் தரை தெரியும், குளிக்க முடியாது. ராதாநகர் மேற்குக் கரையில், படகுத்துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே விடுதிகள் குறைவு, வாடகையும் அதிகம். ஆகவே விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது "கடல் வற்றியிருக்கும்போதும் குழந்தை குளிக்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். நீச்சல்குளம் உள்ள விடுதி என்றால் இந்தக் கவலை பாதி குறையும்.

அதோடு இவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, விசிறி மட்டும்தானா? கொசுவலை உண்டா? அறைக்குள் கெட்டில் தருவார்களா? காரமில்லாத பருப்புச் சாதமோ இட்லியோ குழந்தைக்குச் சமையலறையில் தனியாகச் செய்து தருவார்களா? பாட்டி தாத்தாவும் வருகிறார்கள் என்றால் அறை தரைத்தளத்தில் இருக்கிறதா? மரக்குடில்கள் பார்க்க அழகாக இருக்கும். கைப்பிடி இடைவெளி அகலமான மரப்படியில் ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார முடியாது.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். போர்ட் பிளேரில் ஓட்டுநர், கடைக்காரர், மருந்தகத்தில் நிற்பவர் என்று எங்காவது தமிழ் காதில் விழும். அபர்தீன் பஜாரில் இட்லி, தோசை, தயிர்ச் சாதம் தேடி அலைய வேண்டியதில்லை.

படி 5: சூரியனையும் கடலையும் ஒட்டி நாளை அமைத்தல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. அதனால் அங்கே சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், ஏப்ரலில் ஐந்தரை. நடு உச்சி பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, பதினொன்றே காலை ஒட்டி வந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அந்த நேரத்துச் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும்.

இதை நாளாக மாற்றிப் பாருங்கள். சென்னைப் பழக்கத்தில் காலைச் சிற்றுண்டி முடித்து ஒன்பதரை மணிக்குக் கடற்கரைக்கு வந்தால், குழந்தையின் தோலை எரிக்கும் வெயிலுக்குள் நீங்களே கொண்டுவந்து விட்டீர்கள் என்று பொருள். நாலரை மணிக்கு மேல் கிளம்பி மாலைக் கடலைப் பார்க்கலாம் என்று நினைத்தால், வண்டி போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். காலை ஆறு முதல் எட்டரை வரை ஒரு முறை, பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை ஒரு முறை. கடல் இவ்வளவுதான். இடைப்பட்ட நேரம் சாப்பாடு, தூக்கம், நிழலில் விளையாட்டு. சிறு குழந்தைகள் இயல்பாகவே விடியலில் எழுந்துவிடுவார்கள். வீட்டில் நம்மைப் படுத்தும் அந்தப் பழக்கம் அந்தமானில் பெரிய வரம். ஆறு மணிக்கு ராதாநகரில் மணல் குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது, நண்டுகள் போட்ட மணல் உருண்டைகள் கலையாமல் கிடக்கும்.

அடுத்தது ஓதம். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிக அதிகம். பயணத் தேதிகளுக்கான போர்ட் பிளேர் ஓத அட்டவணையைக் கிளம்புமுன் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீல் தீவின் இயற்கைப் பாலம் கடல் வற்றியபோதுதான் பார்க்கக் கிடைக்கும். அந்தப் பாறைக் குட்டைகளில் கடல் அட்டை, நட்சத்திர மீன், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு எல்லாம் தெரியும். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொடாமல் பார்க்கப் பழக்குங்கள். பாறை வழுக்கும், கூர்மையாகவும் இருக்கும். பிடிப்புள்ள காலணி இல்லாமல் அங்கே இறக்காதீர்கள். பரத்பூரில் விளையாடவோ கண்ணாடி அடித்தளப் படகில் போகவோ கடல் ஏறியிருக்கும் நேரம் வேண்டும்.

படி 6: தண்ணீரில் பாதுகாப்பு

குழந்தை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. குடும்பத்தில் ஐந்து பெரியவர்கள் போனால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பது வழக்கம். அதனால் "இப்போது நீ, பிறகு நான்" என்று பெயர் சொல்லி முறை வைத்துக்கொள்ளுங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருள்தான், உயிர்காப்புச் சாதனம் அல்ல. படகுகளில் தரும் லைஃப் ஜாக்கெட் பெரும்பாலும் பெரியவர் அளவில் இருக்கும், குழந்தையின் தலை வழியாக நழுவும். குழந்தையின் எடைக்கு ஏற்ற, கால்களுக்கு நடுவே வார் உள்ள ஒன்றை ஊரிலேயே வாங்கிக் கொண்டுபோவதைச் செலவாக நினைக்காதீர்கள்.

அந்தமானின் சதுப்புக் காடுகளிலும் ஓடை முகத்துவாரங்களிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களிலும், ஓடை கடலில் கலக்கும் இடங்களிலும், அந்தி மங்கிய பிறகு எந்தக் கடற்கரையிலும் தண்ணீரில் இறங்கவே கூடாது. சில கடற்கரைகளில் குளிக்கும் பகுதியை வலை போட்டுப் பிரித்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தாலோ உயிர்காப்பாளர் விசில் அடித்தாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள்.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல்நீராலேயே கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்நார்க்கெலிங் செய்ய விரும்பும் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு முகமூடியையும் குழாயையும் வீட்டு வாளித் தண்ணீரிலோ நீச்சல்குளத்திலோ முன்கூட்டியே பழக்குங்கள். ஸ்கூபா டைவிங் பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம். யார் "பரவாயில்லை" என்று சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

படி 7: பையில் என்ன இருக்க வேண்டும்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். குழந்தையின் இன்றைய எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவை எழுதி வாங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், தெர்மாமீட்டர், காயத்துக்கான களிம்பு, அரிப்புக்கான மருந்து, வழக்கமாகத் தரும் மருந்துகள் முழுப் பயணத்துக்கும் போதுமான அளவு. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் கப்பலில் குமட்டல் அதிகம் வரும். மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். ப்ரோமெத்தசின் கலந்த மருந்தை இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். கையில் படம் பார்க்கத் தொலைபேசியைக் கொடுத்தால் குமட்டல் கூடும். தூரத்துக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்திப் பையும் ஒரு மாற்று உடையும் மேலே எடுக்கும்படி இருக்கட்டும்.

பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில்தான் இருக்கிறது, ஜி.பி. பந்த் மருத்துவமனை. தீவுகளில் இருப்பவை சிறிய சுகாதார நிலையங்கள். கிளம்பும் நாளன்று குழந்தைக்கு நல்ல காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. தேதி மாற்றக் கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுப்பது இதற்காக உதவும்.

வெயிலுக்கு முதல் காவல் உடை. முழுக்கையுள்ள நீச்சல் மேலாடை, கழுத்தை மறைக்கும் தொப்பி. மறையாத இடங்களுக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை நிழலிலேயே வைத்திருங்கள். மணல் ஈ என்று ஒன்று உண்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஈர மணலில் காலையிலும் அந்தியிலும் கடிக்கும். அடுத்த நாள்தான் அரிப்பு தொடங்கும், சொறிந்தால் புண்ணாகும். குழந்தையை வெறும் மணலில் படுக்க வைக்காமல் தடித்த விரிப்பின் மேல் உட்கார வையுங்கள். உள்ளூரில் பலர் கைகால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். கிளம்புமுன் பிள்ளைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

தீவுகளில் பசும்பால் எப்போதும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். குழந்தை குடிக்கும் பால்பொடியையும் டயப்பரையும் முழுப் பயணத்துக்கும் கணக்கிட்டு எடுத்துப் போங்கள். விடுபட்டது எதையும் போர்ட் பிளேரிலேயே வாங்கிவிடுங்கள். சத்துமாவு, பருப்புப்பொடி, அவல், ஒரு சிறிய டப்பா நெய் இருந்தால் கப்பல் தாமதமானாலும் குழந்தை பட்டினி கிடக்காது. தள்ளுவண்டி மணலில் உதவாது, இடுப்பில் கட்டும் துணித்தூளி உதவும். பணமாகக் கொஞ்சம் வைத்திருங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் பெரிதும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் தீவுகளில் சிக்னல் நழுவும் நேரங்களில் கைப்பணம்தான் கைகொடுக்கும். டிக்கெட், அறைச் சீட்டு, ஓத அட்டவணை எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஏழு நாள் எப்படிப் போகும்

முதல் நாள். விமானம் இறங்கத் தொடங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு எதையாவது மெல்லக் கொடுங்கள், காது அடைக்காது. அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மூன்று மணிக்கு மேல் கடலோரத்தில் ஒரு நடை. செல்லுலார் சிறையின் ஒலி ஒளிக் காட்சியை முதல் நாளே பார்க்க வைப்பது பொதுவான திட்டம். தூக்கம் கலைந்த குழந்தைக்கு இருட்டில் உரத்த குரல்கள் பயத்தைத் தரும். சிறையைக் கடைசி நாள் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலைக் கப்பல். தீவுக்குப் போனதும் வேறெதுவும் வேண்டாம். விடுதிக் கடற்கரையில் மணல் வீடு கட்டட்டும்.

மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள்கள் தீவுக்கு உரியவை. நாளுக்கு ஒன்றே ஒன்று. ஹேவ்லாக் என்றால் ஒரு விடியலில் ராதாநகர், மறுநாள் அதே ராதாநகர். பிள்ளைகள் புதிய இடம் கேட்பதில்லை, நேற்று தோண்டிய குழியைத்தான் தேடுவார்கள். இன்னொரு நாள் எலிஃபன்ட் கடற்கரைக்குப் படகில் போய் வரலாம். அங்கே பவளமும் மீனும் கரைக்கு அருகிலேயே தெரியும், ஆனால் நீர் விளையாட்டுக் கூட்டமும் இரைச்சலும் அதிகம். முதல் படகில் போய், கூட்டம் சேருமுன் திரும்புங்கள். காட்டு வழியே நடந்து போகும் பாதை சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. நீல் என்றால் பரத்பூர் இரண்டு காலை, இயற்கைப் பாலம் கடல் வற்றும் நேரத்தில் ஒரு முறை, லக்ஷ்மண்பூரில் ஒரு சூரியாஸ்தமனம்.

ஆறாம் நாள் காலைக் கப்பலில் போர்ட் பிளேர். கடல் கெட்டுக் கப்பல் தாமதமானால் இந்த நாள்தான் உங்களுக்குக் கைவசம் இருக்கும் கூடுதல் நாள். நன்றாக இருந்தால் பிற்பகலில் ராஸ் தீவு. அபர்தீன் படகுத்துறையிலிருந்து சில நிமிடப் படகுப் பயணம். ஆலமர வேர்கள் விழுங்கிய பழைய ஆங்கிலேயக் கட்டடங்களுக்கு நடுவே மான்களும் மயில்களும் உலவும். நடக்க முடியாதவர்களுக்கு மின்வண்டி உண்டு. பாட்டியும் பேரனும் சேர்ந்து ரசிக்கக்கூடிய இடம் இது. படகுக்கு வாராந்திர விடுமுறை உண்டு, முதல் நாளே விசாரித்துவிடுங்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். அதன் பின்புறப் படத்தில் இருப்பது அருகிலுள்ள நார்த் பே கரைதான். பிள்ளைகள் படத்தையும் கரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மழையாக இருந்தால் சமுத்ரிகா அருங்காட்சியகத்தின் திமிங்கில எலும்புக்கூடு போதும்.

ஏழாம் நாள் விமானம் பிற்பகலில் என்றால் காலையில் செல்லுலார் சிறை. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிந்தது. ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு "நம் நாடு விடுதலை பெற வேண்டும் என்று சொன்னவர்களை இங்கே தனித்தனி அறையில் அடைத்து வைத்தார்கள்" என்று சொன்னால் போதும். தூக்குமேடைப் பக்கம் சிறியவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

படி 9: திட்டத்திலிருந்து நீக்க வேண்டியவை

பாராடாங்கை நீக்குங்கள். அதிகாலையில் கிளம்பி, ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, வண்டி வரிசையாக ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியே எங்கும் நிற்காமல் போக வேண்டும். குழந்தைக்குச் சிறுநீர் வந்தாலும் இறங்க முடியாது. பிறகு பெரிய படகு, அப்புறம் விசைப்படகு, அப்புறம் வெயிலில் நடை, திரும்பவும் அதே வழி. இது உடல் சிரமம். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அந்தச் சாலை ஜாரவாக்களின் வாழ்விடத்தைப் பிளந்துகொண்டு போகிறது. அதை மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொன்னது. சட்டப்படி அவர்களைப் படம் எடுப்பது குற்றம். ஆனாலும் வண்டியின் கண்ணாடி வழியே மனிதர்களைத் தேடிப் பார்ப்பது அந்தப் பயணத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. நம் பிள்ளைகள் மனிதர்களை அப்படிப் பார்க்கப் பழக வேண்டாம்.

வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவு மிக அழகானது. பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோக விடாமல் கண்டிப்பாகச் சோதிக்கிறார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் அங்கே கடையோ உணவோ கிடையாது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் இருக்கும் குடும்பம் போகலாம், கைக்குழந்தையோடு வேண்டாம்.

படி 10: ஊர் திரும்பும் நாள்

ஏழு நாளில் பிள்ளைகளின் பைகளில் சங்கும் சிப்பியும் பவளத்துண்டும் சேர்ந்திருக்கும். பவளமும் பல சங்கு வகைகளும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. விமான நிலையச் சோதனையில் பிடித்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். அங்கே பிடுங்கி எடுக்கும்போது குழந்தை அழுவதைவிட, தீவை விட்டுக் கிளம்பும் காலையில் கரைக்குப் போய் "இதில் நண்டு குடியேறும்" என்று சொல்லி அவர்கள் கையாலேயே திரும்ப வைக்கச் செய்யுங்கள். எடுத்துப் போக ஆசைப்பட்டால் சாகரிகா அரசு விற்பனை நிலையத்தில் ரசீதோடு வாங்குங்கள், அந்த ரசீதைக் கைப்பையில் வையுங்கள்.

ஈரத் துணிகளைத் தனிப் பையில் கட்டி, ஒரு மாற்று உடை, இரண்டு டயப்பர், குடிநீர், ஓ.ஆர்.எஸ்., சாப்பிட ஏதாவது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அந்தமான் போய் வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மலேரியா, டெங்கு பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.